ஸ்கிரிப்டுக்கு ஒரு வாசல் விடுங்கள்

மெயில் செயலிகளை எழுதும் நிரலாளர்களுக்கு,

உங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். நிரல் எழுதுவது என் தொழில் இல்லை. ஒரு சிற்றிதழுக்கு வருகிற மெயில்களைப் பிரித்து, படைப்பு எது, சந்தா எது, சண்டை எது என்று பார்த்து உரியவரிடம் சேர்ப்பது என் பொறுப்பு. அந்த வேலை கேட்டதால் ஷெல், பைத்தான் இரண்டும் ஓரளவு பழகின.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. ஃபில்டர் பகுதியில் ‘இந்த ஃபோல்டருக்கு நகர்த்து’, ‘நட்சத்திரமிடு’, ‘படித்ததாகக் குறி’, ‘அழி’ என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறீர்களே, அதன் கடைசியில் ‘வெளியே உள்ள ஒரு ஸ்கிரிப்டைக் கேட்டுச் செய்’ என்று இன்னொரு வரியும் இருக்கட்டும். ஏற்கெனவே இருந்தால் அடுத்த பதிப்பில் தூக்கிவிடாதீர்கள். ‘ஆயிரத்தில் ஒருவர்கூட இதைத் தொடுவதில்லை’ என்று உங்கள் கூட்டங்களில் யாராவது சொல்வார். உண்மையாகவே இருக்கலாம். அந்த ஒருவருக்காகத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் பக்கத்துச் சிக்கலைக் காட்டிவிடுகிறேன். உங்கள் ஃபில்டர் கேட்கும் கேள்வி எளிமையானது: தலைப்பில் இந்தச் சொல் இருக்கிறதா? ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் ஒரு மெயில் புறப்பட்டு வருகிற வழியைக் கொஞ்சம் பாருங்கள். 1982இல் ஆர்எஃப்சி 822 எழுதப்பட்டபோது தலைப்பு வரியில் ஆஸ்கி எழுத்துகளுக்கு மட்டுமே இடம். மற்ற மொழிகள் அந்தச் சந்துக்குள் நுழைவதற்காகப் பின்னால் செய்த ஏற்பாடுதான் ஆர்எஃப்சி 2047. தமிழ் எழுத்தை யூடிஎஃப்-8 பைட்டுகளாக்கி, அவற்றை பேஸ்64 என்ற முறையில் ஆங்கில எழுத்துகளாக மாற்றி அனுப்புகிறது அது. ‘பணம்’ என்ற சொல் யூனிகோடில் ப, ண, ம, புள்ளி என்று 4 குறிகள். ஒவ்வொன்றும் 3 பைட். பேஸ்64இல் 3 பைட்டுக்குச் சரியாக 4 எழுத்து. ஆக மொத்தம் 16 எழுத்து. பழகிய கண்ணுக்குத் தமிழ் மெயில் உடனே தெரிந்துவிடும்: 4, கே, 6 என்றோ 4, கே, கூட்டல் குறி என்றோ திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

வரியின் தொடக்கத்தில் இருக்கும்வரைதான் இந்த ஒழுங்கு. முன்னால் ஒரு இடைவெளி வந்துவிட்டால், அது ஒற்றை பைட் என்பதால் கணக்கு நகர்ந்து, அதே ‘பணம்’ முற்றிலும் வேறு எழுத்துகளாகிவிடும். இரண்டு இடைவெளி வந்தால் இன்னொரு உருவம். ஆக, ஒரே சொல்லுக்கு மூன்று வேஷம். மெயிலை மூல வடிவத்தில் பார்க்கிற ஃபில்டரில் தமிழ்ச் சொல்லைத் தேட நினைத்தவர்கள் மூன்று வேஷத்தையும் எழுதி வைக்க வேண்டியிருக்கும்.

இதற்கு மேல் நீள வரம்பு வேறு. ஒரு வரி 76 எழுத்தைத் தாண்டக் கூடாது. ‘சந்தா புதுப்பித்தல்’ என்கிற சாதாரணத் தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது 18 தமிழ்க் குறியும் ஒரு இடைவெளியுமாக 55 பைட். ஒரு வரியில் அடங்காது. வரம்பு முட்ட நிரப்பும் நிரலாக இருந்தால் முதல் வரி ‘சந்தா புதுப்ப’ என்று முடிந்து, இகரக் குறி மட்டும் அடுத்த வரியின் தலையில் தனியாக வந்து உட்காரும். விதிப்படி இது தவறே இல்லை. குறியை உடைக்காதே என்றுதான் விதி சொல்கிறது, எழுத்தை உடைக்காதே என்று அல்ல. தமிழில் இரண்டும் வேறு என்பது அந்த விதியை எழுதியவர்களுக்குப் பெரிதாகப் பட்டிருக்காது.

நல்ல செயலிகள் இவற்றையெல்லாம் அவிழ்த்து ஒட்டிய பிறகுதான் ஃபில்டரிடம் காட்டுகின்றன. சந்தோஷம். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ‘கொள்முதல்’ என்று ஒருவர் அடித்து அனுப்புகிறார். ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பைட்டுகளை அப்படியே ஒப்பிடும் ஃபில்டருக்கு இரண்டும் வேறு வேறு. ‘ஔவை’ என்பதை ஒ போட்டுப் பக்கத்தில் ள போட்டு எழுதுகிறவர்கள் ஏராளம். அது கண்ணுக்கு மட்டும் ஔ. யூனிகோடு ஒருமையாக்கம் முதல் சிக்கலைத் தீர்க்கும், இரண்டாவதைத் தீர்க்காது. பைத்தானில் முதலாவதற்கு ஒரு வரி போதும், இரண்டாவதற்கு இன்னொன்று. உங்கள் செயலியில் அந்த இரண்டு வரியை நான் எங்கே எழுதுவது?

இன்னும் பழைய வீட்டுக்குள் போகலாம். எங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும், ஐரோப்பாவில் குடியேறிய ஈழத்தவரிடமிருந்தும் வரும் கதை, கட்டுரைகளில் கணிசமானவை இன்றும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. தமிழக அரசு அலுவலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் வானவில் அவ்வையார் எழுத்துருவில் அனுப்புவார்கள். கை பழகிவிட்டது, குறை சொல்ல முடியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களைப் பரிந்துரைத்தது. இணையத்தில் புழங்கியவர்கள் அப்போது டிஸ்கி என்ற இன்னொரு குறியாக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல். இந்த வரலாறு முழுவதும் அட்டாச்மென்ட்டாக எங்கள் இன்பாக்ஸில் வந்து விழுகிறது.

பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் குப்பை. ஸ்பேம் பிடிக்கும் நிரல்கள் இதைக் குப்பை என்று முடிவுகட்டினால் அவற்றின்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரு சின்னத் தடயம் உண்டு. பாமினியில் புள்ளி இருப்பது அரைப்புள்ளி விசையில். ஆங்கிலத்தில் அரைப்புள்ளிக்குப் பிறகு இடைவெளி வரும். பாமினியிலோ அதை ஒட்டியே அடுத்த எழுத்து வரும், அதுவும் வரிக்குப் பலமுறை. எழுத்துகளுக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் அரைப்புள்ளிகளை எண்ணி, ஓர் அளவைத் தாண்டினால் ‘இது பாமினி’ என்று சொல்லும் ஸ்கிரிப்டை அரைமணி நேரத்தில் எழுதிவிடலாம். டாக்எக்ஸ் கோப்பாக வந்தால் இன்னும் சுலபம். அது சில எக்ஸ்எம்எல் கோப்புகளைச் சுற்றிக் கட்டிய ஒரு ஜிப் பொட்டலம். பிரித்தால் எழுத்துருவின் பெயரே உள்ளே எழுதியிருக்கும்.

பாமினியைக் கண்டுபிடிக்கும் வசதியை உங்கள் செயலியில் சேருங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் வேலைப் பட்டியலில் அது எந்தக் காலத்திலும் மேலே ஏறி வராது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. உலகத்தில் எத்தனையோ மொழி, எத்தனையோ அலுவலகம், ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு விசித்திரம் இருக்கும். எல்லாவற்றையும் நீங்களே தீர்க்க முடியாது. தீர்க்கத் தெரிந்தவர் பெரும்பாலும் அந்த மெயில் பெட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். மெயிலை அவர் கையில் ஒரு நொடி கொடுத்துவிட்டு, அவர் சொல்கிற பதிலைக் கேட்டுக்கொண்டால் போதும்.

இது புது யோசனையும் இல்லை. ஸ்டீஃபன் வான் டென் பெர்க் 1990இல் எழுதிய புரோக்மெயில் இதைத்தான் செய்தது. வருகிற ஒவ்வொரு மெயிலையும் ஒரு குழாய் வழியாக எந்த நிரலுக்குள் வேண்டுமானாலும் தள்ளலாம். அந்த நிரல் திருப்பித் தருவதை வாங்கி, அடுத்த விதிக்குக் கொடுக்கலாம். அதன் விதிகளைப் பார்த்தால் மந்திரத் தகடு போல இருக்கும். இரண்டு புள்ளி, ஒரு பூஜ்யம், ஒரு நட்சத்திரம், ஒரு செங்குத்துக் கோடு. அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் அதில் ஒரு நிதானம் இருந்தது. ‘டபிள்யூ’ என்ற எழுத்தைச் சேர்த்தால், ஸ்கிரிப்ட் முடியும்வரை காத்திருந்து அது நலமாக முடிந்ததா என்று பார்க்கும். நடுவழியில் விழுந்திருந்தால், மெயிலின் பழைய உருவத்தையே அடுத்த விதிக்குத் தரும். கடிதம் தொலையாது.

ஸ்பேம் தொல்லை தலைக்கு மேல் போன காலத்தில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2001இல் ஸ்பேம்அசாசின் வந்தது. தனியாக நிற்கிற ஒரு நிரல் அது. புரோக்மெயில் விட்டுவைத்திருந்த அந்தக் குழாயில் தன்னைப் பொருத்திக்கொண்டது. 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம், சொற்களின் நிகழ்தகவைக் கொண்டு ஸ்பேமைப் பிடிக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டிலேயே எரிக் ரேமண்டின் போகோஃபில்டர் அந்த யோசனையை நிரலாக்கிவிட்டது. அதுவும் வெளி நிரல்தான். யாரும் எந்தச் செயலிக்காரரின் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. வெளியே சில மாதம் ஓடிப் பலன் தெரிந்த பிறகுதான் மெயில் செயலிகள் அதே கணக்கைத் தங்களுக்குள் எடுத்து, ‘ஜங்க்’ என்று பொத்தான் வைத்தன. இன்று நீங்கள் பெருமையாகக் காட்டும் வசதிகளில் சில, அன்று யாரோ ஒரு பயனர் வாசலுக்கு வெளியே வைத்து ஓட்டிப் பார்த்த ஸ்கிரிப்டுகள்.

இன்று நிலைமை எப்படி? லினக்ஸ் பக்கம் பரவாயில்லை. க்ளாஸ் மெயிலில் ஃபில்டர் நிபந்தனையாகவே ஒரு கமாண்டைக் கொடுக்கலாம். அது 0 என்று முடிந்தால் நிபந்தனை பொருந்தியதாக எடுத்துக்கொள்ளும். எவல்யூஷனிலும் மெயிலை ஒரு நிரலுக்குள் செலுத்தி, அது திருப்பிச் சொல்லும் எண்ணைப் பார்க்கலாம். கேமெயிலில் நிரலின் வழியாக அனுப்பி மெயிலையே மாற்றி வாங்கலாம். தண்டர்பேர்டில் இந்த வசதி உள்ளே இல்லை. ஃபில்டாகுவில்லா என்ற ஆட்-ஆன் போட்டால் வரும். ஆட்-ஆனை நம்பியிருப்பதில் உள்ள சங்கடம் 2020இல் 78ஆம் பதிப்பு வந்தபோது தெரிந்தது. பழைய வகை ஆட்-ஆன்கள் எல்லாம் அந்தப் பதிப்போடு நின்றுபோயின. மறுபடி எழுத ஆள் கிடைத்தவை பிழைத்தன. ஆப்பிள் மெயில் ரூலில் ஆப்பிள்ஸ்கிரிப்டை ஓட்ட விடுகிறது. ஜிமெயில் ஃபில்டரில் ஸ்கிரிப்டுக்கு இடமே கிடையாது. ஆப்ஸ் ஸ்கிரிப்டில் தனியாக எழுதி, நேரம் வைத்து ஓட்ட வேண்டும். ஃபோனில் உள்ள செயலிகளைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

மூடியவர்கள் எல்லோரும் சோம்பேறித்தனத்தால் மூடினார்கள் என்று நான் சொல்லவில்லை. 2017இல் மைக்ரோசாஃப்ட், அவுட்லுக்கில் இருந்த ‘ஸ்கிரிப்டை இயக்கு’ என்ற ரூலை ஒரு பாதுகாப்பு அப்டேட்டோடு நிறுத்தியது. கட்டாயம் வேண்டும் என்பவர்கள் ரெஜிஸ்ட்ரிக்குள் போய் ஒரு மதிப்பை எழுதித் திறந்துகொள்ளலாம். காரணம் நியாயமானதுதான். அவுட்லுக்கின் ரூல்கள் சர்வரில் இருந்து இறங்கி வருபவை. ஒருவருடைய பாஸ்வேர்டைத் திருடியவன், தன் இடத்தில் உட்கார்ந்தபடியே அவர் பெட்டியில் ஒரு ரூல் எழுதி, பிறகு அதைத் தூண்டிவிடும்படி ஒரு மெயில் அனுப்பினால், அவருடைய கம்ப்யூட்டரில் அவன் விரும்பிய நிரல் ஓடும். ரூலர் என்ற பாதுகாப்புச் சோதனைக் கருவி இதைச் செய்தே காட்டியது.

அந்தக் கதையில் எனக்குத் தெரிகிற ஓட்டை, வெளி நிரலை ஓட்டியது அல்ல. எந்த நிரலை ஓட்டுவது என்ற முடிவு தொலைவில் இருந்து வந்ததுதான். ரூல் சர்வரிலிருந்து வரட்டும், தப்பில்லை. ஓடப்போகிற ஸ்கிரிப்ட் மட்டும், அந்தக் கம்ப்யூட்டருக்கு உரியவர் தன் கையால் வைத்த ஒரே ஒரு ஃபோல்டரில் இருந்தாக வேண்டும் என்று வைத்துவிடுங்கள். பாஸ்வேர்ட் திருடியவன் ரூலை எழுதலாம், ஸ்கிரிப்டை அங்கே கொண்டுபோய் வைக்க அவனால் முடியாது. சர்வர் பக்கத்தில் இதை ஏற்கெனவே செய்துவிட்டார்கள். மெயிலை வடிகட்டுவதற்கென்றே உருவான ஸீவ் என்ற மொழி இருக்கிறது. 2001இல் ஆர்எஃப்சி 3028 என்று வெளிவந்து, 2008இல் 5228 ஆகத் திருத்தப்பட்டது. வெளி நிரலை ஓட்டும் வழி அதில் வேண்டுமென்றே வைக்கப்படவில்லை. லூப்கூடக் கிடையாது. ஆனால் டவ்காட் சர்வரில் பிஜன்ஹோல் என்ற பகுதி, அதற்கு மேல் ஒரு கூடுதல் வசதி தருகிறது. நிர்வாகி ஒரு டைரக்டரியைக் குறித்துக் கொடுக்க வேண்டும். பயனர் தன் ஸீவ் விதியில் அங்கே இருக்கும் நிரல்களின் பெயரை மட்டுமே சொல்லலாம், வேறு எங்கும் கை நீட்ட முடியாது. இதை உங்கள் மேசைக்கணினிச் செயலியில் செய்ய என்ன தடை என்று எனக்கு உண்மையாகவே புரியவில்லை.

வாசல் வைப்பதென்று முடிவு செய்துவிட்டால், எப்படி வைப்பது என்பதில் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். அனுபவத்தில் வந்தவை.

தலைப்பையோ அனுப்பியவர் பெயரையோ எடுத்துக் கமாண்ட் வரியில் ஒட்டி ஷெல்லிடம் கொடுக்காதீர்கள். தலைப்பை எழுதுவது முகம் தெரியாத ஒருவர். அதில் ஒரு அரைப்புள்ளியும் அதன்பின் ஒரு கட்டளையும் எழுதி அனுப்ப அவருக்கு ஒரு நிமிடம் போதும். 2014 செப்டம்பரில் பாஷ் ஷெல்லில் ஷெல்ஷாக் ஓட்டை வெளிப்பட்டபோது, சில மெயில் சர்வர்களில், அனுப்புநர் முகவரி இருக்கவேண்டிய இடத்தில் எழுதி அனுப்பியதே கட்டளையாக ஓடியது. ஆகவே மெயில் முழுவதையும் ஸ்கிரிப்டின் உள்ளீட்டுக் குழாயில் ஊற்றிவிடுங்கள். கமாண்ட் வரியில் வேறெதுவும் வேண்டாம். தலைப்பு வேண்டுமானால் ஸ்கிரிப்டே படித்துக்கொள்ளும்.

அடுத்தது பதில். ஸ்கிரிப்ட் முடியும்போது சொல்லும் எண்ணை வைத்துத்தான் நீங்கள் முடிவெடுக்கிறீர்கள்: 0 என்றால் ஆம், வேறு எதுவானாலும் இல்லை. இங்கேதான் மெயில் தவறான பெட்டிக்குப் போகிறது. பைத்தான் ஸ்கிரிப்ட் ஏதோ பிழையில் பாதியில் விழுந்தால் அது திருப்பித் தரும் எண் 1. ‘பாமினி இல்லை’ என்று யோசித்துச் சொன்ன பதிலும் 1 என்றால், இரண்டையும் நீங்கள் எப்படிப் பிரித்தறிவீர்கள்? ஸ்கிரிப்டின் பெயரைத் தவறாக எழுதியிருந்தால் ஷெல் 127 என்று சொல்லும். இயக்க அனுமதி இல்லாவிட்டால் 126. இவை எல்லாமே உங்களுக்கு ‘இல்லை’தான். கிரெப் என்ற பழைய கருவியைப் பாருங்கள். தேடியது கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, கோளாறு என்றால் 2. மூன்று பதில். உங்களுக்கும் மூன்று வேண்டும். யூனிக்ஸ் மெயில் உலகில் அந்த மூன்றாவதற்கு ஒரு எண்ணும் வெகுகாலமாக இருக்கிறது: 75. ‘இப்போது சொல்ல முடியவில்லை, பிறகு கேள்’ என்று அர்த்தம். சர்வரில் உள்ள நிரல்கள் 75ஐப் பார்த்தால் மெயிலை வரிசையிலேயே நிறுத்திவைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும். அவசரப்பட்டு ஃபோல்டர் மாற்றாது. மேசைக்கணினிச் செயலியில் இவ்வளவு கூட வேண்டாம். 0, 1 தவிர எது வந்தாலும் மெயிலை இன்பாக்ஸிலேயே விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு சின்ன ஆச்சரியக்குறி போடுங்கள். தொட்டால் ஸ்கிரிப்ட் கடைசியாகப் புலம்பிய வரி தெரியட்டும். ‘ஃபில்டர் தோல்வி’ என்று மொட்டையாகச் சொல்லும் பெட்டியால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

நேர வரம்பும் வேண்டும். பத்து மெயில் சேர்ந்து வந்தால் பத்து ஸ்கிரிப்டைச் சேர்த்து எழுப்பாதீர்கள். ஸ்பேம்அசாசினே ஆரம்பத்தில் ஒவ்வொரு மெயிலுக்கும் பெர்ல் மொழியைப் புதிதாக ஏற்றி சர்வர்களைத் திணறடித்ததால்தான், எப்போதும் விழித்திருக்கும் ஒரு நிரலையும் அதனிடம் மெயிலைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு சின்ன நிரலையும் தனித்தனியாக வைத்தார்கள்.

மெயிலை மாற்றி எழுத ஸ்கிரிப்டை விடலாமா என்று கேட்டால், முடிந்தவரை வேண்டாம் என்பேன். பாமினியை யூனிகோடாக்கி மெயிலுக்குள்ளேயே எழுதிவிட ஆசை வரத்தான் செய்யும். ஆனால் இன்று பெரும்பாலான மெயில்கள் டிகேஐஎம் கையெழுத்தோடு வருகின்றன. உடலில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அந்தக் கையெழுத்து பொய்த்துவிடும். பின்னால் அதை யாருக்காவது அப்படியே திருப்பி அனுப்பினால், போலி மெயில் என்று மறுமுனை தள்ளிவிடக்கூடும். ஒரு எழுத்தாளரின் பிரதியை அவருக்குத் தெரியாமல் திருத்தி வைப்பதும் எனக்கு ஒப்பவில்லை. பழைய மாற்றிகள் சில ‘ஸ்ரீ’யைச் சிதைத்த விதத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதைவிட, மேலே ஒரு ஹெடரை மட்டும் ஒட்டச் சொல்லலாம். ஸ்பேம்அசாசின் ‘எக்ஸ்-ஸ்பேம்-ஃப்ளாக்’ என்று ஒரு வரி சேர்க்கிறதே, அதைப்போல ‘எக்ஸ்-எழுத்துரு: பாமினி’ என்று. கையெழுத்தில் சேராத புது ஹெடரால் டிகேஐஎம் கெடாது. அந்த ஹெடரைப் பார்த்து எந்த ஃபோல்டருக்கு நகர்த்துவது என்பதை உங்களுடைய சாதாரண ஃபில்டரே செய்துவிடும். ஸ்கிரிப்ட் முத்திரை குத்துவதோடு நிற்கும். அது எவ்வளவு மோசமாகத் தவறினாலும் அதிகபட்சம் ஒரு முத்திரை மாறும், அவ்வளவுதான்.

சொல்ல மறந்தேன். ஐமேப் கணக்கில் சில செயலிகள் ஹெடரை மட்டும் இறக்கிவிட்டு ஃபில்டரை ஓட்டிவிடுகின்றன. உடல் இன்னும் சர்வரிலேயே இருக்கும். ஸ்கிரிப்டுக்கு அட்டாச்மென்ட் வேண்டும் என்றால் முழு மெயிலையும் இறக்கிய பிறகு கூப்பிடுங்கள். பாதி மெயிலைக் கொடுத்துவிட்டு ஸ்கிரிப்டைக் குறை சொல்வது நியாயமில்லை.

இப்போதெல்லாம் ஒவ்வொரு செயலியும் மெயிலைச் சுருக்கிச் சொல்கிறது, பதிலையும் தானே எழுதித் தருகிறது. அதற்காக என் கடிதம் முழுவதும் எங்கோ உள்ள ஒரு சர்வருக்குப் போய் வருகிறது. அதற்குப் பாதுகாப்புக் குழுவின் சம்மதம் கிடைத்துவிட்டது. என் சொந்தக் கம்ப்யூட்டரில், நானே எழுதிய இருபது வரியை ஓட்டுவது மட்டும் ஆபத்து என்கிறார்கள். இந்தத் தராசை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. செயற்கை நுண்ணறிவு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வேண்டியவர் தனக்குப் பிடித்த மாடலையும் அதே வாசலில் ஸ்கிரிப்டாகப் பொருத்திக்கொள்ளலாமே.

‘சர்வரில் செய்துகொள்ளுங்களேன்’ என்ற பதிலும் அடிக்கடி வரும். சொந்தமாக சர்வர் வைத்திருப்பவருக்கு அது சரி. லேப்டாப் மூடியிருந்தாலும் ஃபில்டர் ஓடும், ஃபோனிலும் பலன் தெரியும், எனக்கும் அதுவே விருப்பம். எங்களைப் போன்ற சிற்றிதழ்கள், நூலகங்கள், சின்ன அறக்கட்டளைகள் எல்லாம் யாரோ தரும் கணக்கில் குடியிருக்கிறோம். அந்த சர்வருக்குள் ஒரு கோப்பு வைக்கவும் எங்களுக்கு உரிமை கிடையாது. எங்கள் கைக்கு எட்டுவது நீங்கள் எழுதும் செயலி மட்டும்தான்.

வசதியைச் சேர்க்க முன்வருகிறவர்கள் எனக்கு எழுதுங்கள். சோதனைக்கு மெயில்கள் செய்து வைத்திருக்கிறேன். யாருடைய சொந்தக் கடிதமும் அவற்றில் இல்லை. ‘கொள்முதல்’ இரண்டு விதமாகவும் எழுதிய ஜோடி ஒன்று. தலைப்பு நடு எழுத்தில் உடைந்து இரண்டு வரியில் வருவது ஒன்று. பாமினி டாக்எக்ஸ் இணைத்தது ஒன்று. வெறும் அரைப்புள்ளிகளாக நிரம்பிய ஆங்கிலச் சட்டக் கடிதம் ஒன்று, ஏமாறுகிறதா என்று பார்க்க. தலைப்பில் ஷெல் கட்டளை ஒளிந்திருப்பதும் ஒன்று உண்டு. அதை மட்டும் வேறு எதற்கும் பயன்படுத்தாத கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிற்றிதழின் மெயில் பெட்டியைப் பார்த்துக்கொள்பவர்